ஹெட்போனில் கேட்ட இடி

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பது. தாடியும் சீடருக்குத்தான்.

குருவின் பெயர் ஜெசிந்தா. திருச்சி பாலக்கரையில், ஒரு செல்போன் கடையின் மாடியில், எலெக்ட்ரானிக் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறார்.

சீடர் வைரவன். டயர் கடைக்காரர். மனைவி தெய்வானையோடு சேர்ந்து ஒரு சின்ன மெல்லிசைக் குழு நடத்துகிறார். டிரம்ஸ் அவர், பாட்டு மனைவி, கீபோர்டு மைத்துனர். அவ்வளவுதான் குழு.

போன வருடம் தெய்வானைக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து குரல் இறங்கிவிட்டது. கொஞ்ச நாளில் சரியாகும் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடமாக நீண்டுவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பில் அவர் மறுபடி மேடை ஏறப்போகிறார். வீட்டில் அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அவ்வளவு பயம்.

மனைவி திரும்பி வரும் மேடைக்கு எல்லாமே புதிதாக இருக்கட்டும் என்று வைரவன் எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினார். நாலைந்து ரப்பர் தட்டுகள், பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு மாட்யூல் என்று பெயர். அடிப்பது ரப்பரை, சத்தம் வருவது பெட்டியிலிருந்து. எந்தத் தட்டுக்கு எந்தச் சத்தம் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் குமிழைத் திருப்பித் திருத்திக்கொள்ளலாம்.

முதல் நாளே சீடர் கேட்டார்.

"டீச்சர், இதுக்குள்ள எத்தனை சத்தம் இருக்கு?"

"ஐநூத்துச் சொச்சம்ணே."

"அதுல எது நல்ல சத்தம்?"

"எதுக்கு நல்லது?"

"எதுக்குன்னா? பொதுவாத்தான்."

"தேடிப் பாருங்கண்ணே. கிடைச்சா எனக்கும் சொல்லுங்க."

ஜெசிந்தா கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். வைரவனோ அதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டு போனார்.

கடையில் பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஹெட்போனும் கையுமாகத்தான் இருந்தார். பெட்டிக்குள் என்னென்னவோ இருந்தது. மரக்கட்டை, கஞ்சிரா, கண்ணாடி உடைகிற சத்தம், ரயில் ஊதுகிற சத்தம். ஓரிடத்தில் ஓர் ஆள் "ஹே" என்று கத்தினான்.

"டீச்சர், இந்தக் கத்துறது யாரு?"

"தெரியலண்ணே. நானும் ரொம்ப நாளா யோசிக்கிறேன்."

"பாவம், ரப்பர்ல அடிச்சதுக்கே இப்படிக் கத்துறான்."

பிறகு திருத்தக் கற்றுக்கொண்டார். ஒரு குமிழ் டிரம்மின் சுருதியை ஏற்றி இறக்கும். இன்னொன்று, அடித்த பிறகு இழுத்துக்கொண்டிருக்கும் சத்தத்தின் வாலை நீட்டும், வெட்டும். மூன்றாவது குமிழ் எக்கோ. அதைத் திருப்பினால் டயர் கடைக்குள் உட்கார்ந்துகொண்டே பெரிய மண்டபத்தில் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

"திருப்பத் திருப்ப வேற வேற ஊருக்குப் போற மாதிரி இருக்கு டீச்சர்."

"போயிட்டு வாங்க."

இடது கைக்கு அருகில் இருப்பது ஸ்னேர். பாட்டு முழுக்க அடி விழுவது அதில்தான். வைரவன் அதன் சுருதியை நன்றாக இறக்கினார். வாலை நீட்டினார். எக்கோவை ஏற்றினார். ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி மூச்சிரைக்க ஏறிவந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், ஹெட்போனைக் குருவின் தலையில் மாட்டினார். ஒரே ஒரு அடி. மலைக்கு அந்தப் பக்கம் இடி விழுந்த மாதிரி இருந்தது.

"எப்படி?"

"பிரமாதம்ணே."

"அப்ப இதான் நல்ல சத்தமா?"

"ஹெட்போனுக்கு இதான்."

வைரவன் 'பிரமாதம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மாடியிலேயே விட்டுவிட்டுப் போனார். பாராட்டு என்று வந்தால் நம்மில் பலர் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை, டயர் குடோனில் ரிகர்சல். ஜெசிந்தாவையும் அழைத்திருந்தார்கள். தெய்வானைக்காகப் பாட்டின் சுருதியை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார் மைத்துனர்.

பல்லவி எப்படியோ கடந்தது. முதல் சரணத்தில் தெய்வானை ஒரு காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது சரணத்தின் நடுவில் மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

"என்னாச்சு தெய்வா?"

"நான் பாடுறது எனக்கே கேக்கல. குரல் போயிருச்சு. அந்த டாக்டர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்லியிருக்காரு."

டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மைத்துனர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வைரவன் ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

"டீச்சர், மைக்கைக் கூட்டிப் பாக்கலாமா?"

"கூட்டுங்க."

கூட்டினார். ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. அவசரமாகக் குறைத்தார்.

"சுருதியை இன்னும் இறக்கலாமா?"

"இறக்கலாம்."

"இறக்கினா சரியாயிருமா?"

"ஆகாதுண்ணே."

வைரவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு வருடமாக அவர் மனதில் இருந்தது இந்த ஒரு கேள்விதான்.

"நிஜமாவே அவ குரல் போயிருச்சா டீச்சர்?"

ஜெசிந்தா அவர் கையிலிருந்த குச்சிகளை வாங்கிக்கொண்டு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணி, எனக்காக இன்னொரு தடவை. நல்லா வரணும்னு இல்ல, சும்மா பாடுங்க. அண்ணே, நீங்க மாட்யூல்கிட்ட வாங்க. நான் ஸ்னேரை அடிச்சுக்கிட்டே இருப்பேன், நீங்க குமிழைத் திருப்புங்க. பெட்டியைப் பாக்கக் கூடாது."

"வேற எதைப் பாக்குறது?"

"அண்ணி முகத்தை."

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

தெய்வானை வேண்டாவெறுப்பாக எழுந்து, மறுபடி காதைப் பொத்திக்கொண்டு பாடத் தொடங்கினார். வைரவன் எக்கோ குமிழைத் தொட்டார். பழக்க தோஷம், ஏற்றிவிட்டார். மனைவியின் புருவம் சுருங்கியது. பதறிப்போய் மறுபக்கம் திருப்பினார். புருவம் விரிந்தது. இன்னும் திருப்பினார். எக்கோ மொத்தமாகப் போனது.

அடுத்த குமிழ். நீட்டி வைத்த வாலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். காதைப் பொத்தியிருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

சுருதிக் குமிழைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. ஆசை ஆசையாக இறக்கிய சுருதி அது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார். ஆபரேஷனுக்குப் பிறகு தெய்வானையின் குரல் கீழ்ச்சுருதியில் இருந்தது. இத்தனை நேரமும் ஸ்னேர் அதே சுருதியில் இடித்து அதை மூடிக்கொண்டிருந்தது. ஸ்னேர் மேலே போகப் போக மனைவியின் தாடை நிமிர்வதை அவர் பார்த்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. ஆபரேஷனுக்கு முன்பிருந்த குரல் இல்லை அது. தணிந்து, லேசாகக் கரகரத்து, ஆனால் அசையாமல் நின்றது. இருபது வருடம் கூடவே வாசித்தவருக்கு அது புதுக்குரலாக இருந்தது. இவள் யார் என்று பார்க்கிறவரைப் போல வாய் திறந்தபடி நின்றார்.

தெய்வானை பாட்டை முடித்தார். யாரும் கேட்காமலே மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பித்தார். வைரவன் அழுதுவிட்டார். மைத்துனர் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட இல்லை.

ஆனாலும் சீடர் சீடர்தான். பாட்டு முடிந்து தெய்வானை தண்ணீர் குடிக்கப் போனதும் அவருக்கு அரிப்பு தாங்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்னேரை ஒரு தட்டுத் தட்டினார்.

டக்.

இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். அதே டக்.

"டீச்சர், தகர டப்பா மாதிரி இருக்கு."

"ஆமாண்ணே."

"நான் எப்பேர்ப்பட்ட சத்தம் செஞ்சு வச்சிருந்தேன். அதை விட்டுட்டு இதையா ஞாயித்துக்கிழமை வாசிக்கிறது? கேக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

ஜெசிந்தா குச்சிகளை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணிக்குக் குரல் திரும்பி வந்துருச்சுன்னு நெனைப்பாங்க."