செம்பாறை நகரின் கோடைக்குக் கிடைத்த தீர்ப்பு

செம்பாறை நகரை ஆண்ட தளவாய், கோடை முழுவதையும் மலை மாளிகையில் கழித்துவிட்டுத் திரும்பினார். கோடை கொடியது என்று தீர்ப்பானால் அரண்மனைக் குளத்தைக் குடிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அந்நகரத்து வழக்கம். தளவாயின் முகம் பார்த்த புலவர்களோ, "கோடை இனிதே கழிந்தது" என்று எழுதிக் கொடுத்தனர்; தளவாய் அதையே தம் தீர்ப்பாக்கினார். குளம் பூட்டியே கிடந்தது.

புல்லறுக்கும் சங்கிலி வந்து தளவாயின் காலில் விழுந்தான். "சாமி, என் பெண்சாதி செத்துக் கிடக்கிறாள். குளிப்பாட்டி எடுக்க ஒரு குடம் தண்ணீர் வேண்டும். கிணறெல்லாம் வறண்டு போச்சு."

"அடே, அப்படியானால் என் தீர்ப்பு பொய்யா? தலை தப்பாது!"

"ஐயோ, மெய்தான் சாமி. ஊர்ச்சனம்தான் நம்பமாட்டேன் என்கிறது. உச்சிவேளையில் கோயில் முற்றத்தில் நின்று தாங்களே வாசித்தால் நம்பிவிடும்."

தளவாய் மகிழ்ந்து புறப்பட்டார். கோயில் வாசலில் எல்லோரையும் போல் பாதரட்சையைக் கழற்றினார். கருங்கல் தளத்தில் நின்று, "இவ்வாண்டுக் கோடை..." என்று தொடங்கியவர், கால் மாற்றிக் கால் தூக்கிக் குதித்து, "தண்ணீர்! தண்ணீர் ஊற்றுங்களடா!" என்று அலறினார்.

"தண்ணீர் தங்கள் குளத்தில் இருக்கிறது, சாமி. தீர்ப்பை வாசித்து முடிக்கிறீர்களா, பூட்டைத் திறக்கிறீர்களா?" என்றான் சங்கிலி.

அக்கணமே குளம் திறந்தது. ஊரார் முண்டியடித்துக் குடித்தனர். சங்கிலி குடத்தை நிறைத்துக்கொண்டு, ஒரு மிடறும் அருந்தாமல், மனைவி கிடந்த வீட்டை நோக்கி நடந்தான்.