தலைக்கனம்

பசுபதி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது அறுபத்தொன்று. அவருக்குப் படமெடுக்கச் சொல்லித்தரும் நிலோஃபருக்கு முப்பத்திரண்டு. மாணவராக உட்கார்ந்தால் அவர் அசல் மாணவர்தான். கேள்வி கேட்டே உயிரை எடுப்பார்.

அன்று இரண்டு லென்ஸ்களோடு வந்தார். எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"டீச்சர், இது பதினாலு மில்லிமீட்டர்ல ஆரம்பிக்குது. இது பதினாறு. ரெண்டுல எது ஓரத்துல நிக்கறவங்க தலைய இழுக்காது?"

"ஏன் சார், தலையப் பத்தி இவ்வளவு கவலை?"

அவர் தயங்கித்தான் சொன்னார். மகளின் நிச்சயதார்த்தத்தில் இரவல் லென்ஸ் ஒன்றால் குடும்பப் படம் எடுத்தார். சின்னக் கூடம், முப்பது பேர். ஓரத்தில் நின்ற அண்ணனின் தலை பரங்கிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ, 'பெரியப்பாவுக்கு இவ்வளவு தலைக்கனமா?' என்று எழுதிவிட்டார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார். அதன்பின் வீட்டுப் படி ஏறவில்லை.

"ஞாயித்துக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. வர்றேன்னு சொல்லியிருக்காரு. மறுபடி தப்பு பண்ணிட்டா அவ்வளவுதான், டீச்சர்."

கேட்கவே பாவமாக இருந்தது.

நிலோஃபர் எழுந்துபோய் அறையின் மூலையில் பீரோவை ஒட்டி நின்றாள். "எடுங்க."

பதினாலில் எடுத்தார். அவள் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. லென்ஸை மாற்றிப் பதினாறில் எடுத்தார். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் இழுத்திருந்தது. மறுபடி மாற்றினார். கால் மணி நேரம் மாற்றி மாற்றி எடுத்தார். அவள் அசையவில்லை.

"கால் வலிக்குது சார்."

"அட, அங்கேயே ஏன் நிக்கறீங்க? நடுவுல வாங்க."

அவள் வந்தாள். எடுத்தார். முகம் முகமாகவே இருந்தது.

"இப்ப எந்த லென்ஸ்?"

அவருக்கு நினைவில்லை. கேமராவைத் திருப்பிப் பார்த்துத்தான் சொன்னார். "பதினாலு."

"அன்னிக்கு உங்க அண்ணன நடுவுல வாங்கன்னு கூப்பிட்டீங்களா?"

பசுபதி லென்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை படத்தோடு வந்தார். நடுவில் மகள், கை நிறைய வளையல்கள். பக்கத்து நாற்காலியில் அண்ணன், அளவான தலையோடு. ஓரத்தில், டைமரை அழுத்திவிட்டு ஓடிவந்து நின்ற பசுபதி. அவர் தலைதான் இப்போது பரங்கிக்காய்.

"என்ன சார், இவ்வளவு தலைக்கனம் உங்களுக்கு?"

"அண்ணனும் இதையேதான் கேட்டாரு." பசுபதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேட்டுட்டு, ரெண்டு தரம் புளியோதரை வாங்கிச் சாப்பிட்டாரு."

நிலோஃபர் படத்தை நெடுநேரம் பார்த்தாள். எந்த லென்ஸ் என்று அவள் கேட்கவில்லை.

"நல்ல லென்ஸ்தான் வாங்கியிருக்கீங்க சார்."