படி ஏறி வந்தவர்கள்

பேராசிரியர் உலகம்மையிடம் சேரும் மாணவர்கள் பாதியிலேயே வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். தப்பை மெதுவாகச் சொல்ல அவருக்கு வராது. நஸீமா மட்டும் நிலைத்தாள். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு அவர் வேலை செய்யும் முதுமை ஆய்வு மையத்தில் சேர்ந்தவள், திட்டு வாங்கிக்கொண்டே மூன்று வருடம் ஓட்டிவிட்டாள்.

அவள் செய்த ஆய்வு இதுதான். எழுபது வயது தாண்டியவர்களை வருடத்துக்கு ஒரு முறை மையத்துக்கு வரவழைப்பாள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்வாள். நடக்கச் சொல்லி நேரம் பார்ப்பாள். ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கைவலுவை அளப்பாள். வருடம் போகப்போக உடம்பு எவ்வளவு தளர்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும்.

முடிவு எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. இந்த ஊர் முதியவர்கள் அவ்வளவாகத் தளரவேயில்லை. மைய இயக்குநர் பத்திரிகைக்காரர்களை அழைக்க நாள் குறித்துவிட்டார். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் நஸீமாவைப் பேச அனுப்புவதாகவும் சொன்னார்.

எழுதி முடித்த கட்டுரையை அவள் உலகம்மையிடம் கொண்டுபோனாள். அவர் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, கொஞ்ச நாளாகவே மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். இனி இரண்டு மாணவர்களைத் தனக்குக் கீழே வைத்து, தானே தனியாக ஓர் ஆய்வை நடத்தலாமா?

முதல் வருடம் வந்தவர்களில் கால்வாசிப் பேரைக் காணோமே என்றார் உலகம்மை.

அவர்கள் அடுத்த வருடம் வரவில்லை, அதனால் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன் என்றாள் நஸீமா. எல்லா ஆய்விலும் நடப்பதுதான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"ஏன் வரல?"

"வயசானவங்க மேடம். மறந்திருப்பாங்க."

உலகம்மை கட்டுரையை மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார்.

"மூணு வருஷம் வயசானவங்களைப் படிச்சுட்டு இதைத்தான் சொல்லுவியா? போய்க் கேட்டுட்டு வா. கேக்காம இந்த ரூமுக்குள்ள வராதே."

நஸீமா பொருமிக்கொண்டே போனாள். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் தெருத்தெருவாக அலைய இதுவா நேரம்? போன வீடுகளில் ஒருவர் இறந்திருந்தார். இன்னொருவர் குளியலறையில் விழுந்து படுக்கையில் கிடந்தார். வேறொருவரை மகன் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். எல்லாம் தெரிந்த கதைதானே, இதற்காகவா என்னை விரட்டினார் என்று அவளுக்கு எரிச்சல் கூடியது.

தேவாலயத்துக்குப் பின்தெருவில் பிரகாசியம்மாள் தனியாகக் குடியிருந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை. நஸீமா தன் பெயரைச் சொல்லி, போன வருடம் அவர் ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ள வந்ததாகச் சொன்னாள்.

"வரலையா? நான் வந்தேன்," என்றார் பிரகாசியம்மாள். "உன் குரலை மறப்பேனா? முப்பது வருஷம் குரலைக் கேட்டே பிழைச்சவ நான்."

வாசலில் நின்றபடியே அவர் நடந்ததைச் சொன்னார். சோதனை நடக்கும் அறை மாடியில் இருந்தது. முதல் வருடம் கைப்பிடியைப் பிடித்து எப்படியோ ஏறிவிட்டார். அடுத்த வருடம் படி திரும்பும் இடத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. மையத்தின் இளவயதுப் பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்க, கையில் பெட்டியோடு ஒரு பெண் மேலே வந்தாள். கூப்பிடலாம் என்று இவர் கையைத் தூக்கினார்.

"'கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க பாட்டி'ன்னு சொல்லிட்டு நீ தாண்டிப் போனே."

நஸீமாவுக்கு அது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"எவ்வளவு நேரம் இருந்தேன்னு எனக்கே தெரியாது. அடக்க முடியாம சேலை நனைஞ்சுபோச்சு. அந்தக் கோலத்துல, சுவரைப் பிடிச்சு உக்காந்து உக்காந்து இறங்கி, ஆட்டோ பிடிச்சு வந்தேன். சாயந்திரம் போன் பண்றே. வரலைன்னா பேரை எடுத்துருவோம்கிறே. எடுத்துக்கோன்னு வச்சுட்டேன்."

நஸீமா மன்னிப்புக் கேட்டாள்.

"அதை வச்சு நான் என்ன செய்ய?" என்று பிரகாசியம்மாள் கதவைச் சாத்தினார்.

திரும்பி வரும்போது நஸீமா அந்தப் படிகளில்தான் ஏற வேண்டியிருந்தது. திருப்பத்தில் அவளால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வேகமாக ஏறி, அனுமதி கேட்காமலே உலகம்மையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். தான் தாண்டிப் போனதையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் குரல் உயர்ந்தது.

"நடக்க முடியுதான்னு பாக்குற ரூமை மாடியில வச்சது யாரு மேடம்?"

கீழ்த்தளத்தில் அறை வேண்டும் என்று தொடக்கத்தில் தானே கேட்டதாகச் சொன்னார் உலகம்மை. கனமான இயந்திரங்கள் வருகின்றன, அங்கே இடமில்லை என்றார் இயக்குநர். உலகம்மை மறுபடியும் கேட்டார், அதே பதில். அதற்குப் பிறகு பதவி உயர்வுக்கான நேர்காணல் வந்தது. அந்த நேரத்தில் இயக்குநரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"என்கிட்ட அவ்வளவு கோபப்பட்டீங்க. உங்ககிட்ட யாரு கோபப்படுறது?"

"நீ படு," என்றார் உலகம்மை.

அவர் எழுந்தார். பக்கத்துச் சோதனை அறையிலிருந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்கும் ஐம்பது கடந்திருந்தது. படி திருப்பத்தில் மூச்சு வாங்கியது. நஸீமா உதவப் போகவில்லை. அவளுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கைவலு பார்க்கும் கருவியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

முகப்பில், இயக்குநரின் கார் நிற்கும் இடத்தில் நாற்காலியைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இயக்குநரே இறங்கி வந்தார். கூட்டம் கூடிவிட்டது. வழியை அடைக்கிறீர்கள், காரை எங்கே நிறுத்துவது என்று அவர் சத்தம் போட்டார்.

"மாடியில நிறுத்துங்க," என்றார் உலகம்மை. "எழுபது எண்பது வயசுல மனுஷங்க ஏறுற படிதானே, கார் ஏறாதா?"

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் திரும்பிப் போனார். அதன் பிறகு அவர் உலகம்மையிடம் நேரில் பேசியதேயில்லை.

அந்த மழைக்காலம் வரை சோதனை முகப்பிலேயே நடந்தது. விட்டுப்போனவர்களில் சிலர் வந்தார்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு நஸீமாவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது ஆச்சரியம் எதுவும் மிஞ்சவில்லை. இந்த ஊர் முதியவர்கள் நன்றாகவே தளர்ந்திருந்தார்கள்; முன்பு படி ஏற முடிந்தவர்களை மட்டுமே அளந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வரவில்லை. மாநாட்டுக்கு வேறு துறை மாணவன் ஒருவன் போனான். நஸீமா பல நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிரகாசியம்மாள் வரவில்லை. நஸீமா இன்னொரு தடவை போனாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை.

கட்டுரையைத் திரும்ப எழுத உலகம்மையும் நஸீமாவும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை யாரையும் சும்மா எடுத்துவிடக் கூடாது, ஒவ்வொருவரும் ஏன் இல்லை என்று எழுத வேண்டும் என்பது நஸீமாவே போட்ட விதி. இறந்தவருக்கு எழுதினாள். விழுந்தவருக்கு எழுதினாள். ஊர் மாறிப்போனவருக்கும் எழுதினாள். பிறகு நிறுத்தினாள்.

"பிரகாசியம்மா வராததுக்கு என்ன காரணம்னு எழுத, மேடம்?"

"நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுது."

நஸீமா நிமிர்ந்து பார்த்தாள்.

"என் பேரை முதல்ல போடு," என்றார் உலகம்மை.