அலை ஒரு படகுக்கு மட்டும்

"முதல்ல எட்டுப் படகை நாலாக்கினாங்க, டீச்சர். பொறுத்துக்கிட்டேன்.

அடுத்து, தூரக்கரையை வரையப் பெட்டிக்குத் தெம்பில்லைன்னு பனிமூட்டம் போட்டு மறைச்சாங்க. பொறுத்துக்கிட்டேன்.

அப்புறம், ரெண்டு பேர் ஆடினா திரையைப் பாதியாக்கி, அலையையும் பாதியாக்கினாங்க. மனு கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்தாங்க.

இப்போ பெட்டியே ஓட்டுற எதிரிப் படகுகளுக்கு அலையே இல்லை."

சொன்னவர் தனிஸ்லாஸ். தலை நரைத்தவர். டிவியில் பெட்டியைச் செருகி ஆடும் ஒரு படகுப் பந்தய விளையாட்டுக்குக் கடலை நிரலாக எழுதியவர்.

கேட்டவர் பரிமளம். வயதில் மிக இளையவர். தனிஸ்லாஸுக்கு அந்தப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்ற கணக்கைக் கற்றுக்கொடுத்த 'டீச்சர்'.

"அண்ணே, நாலு படகுக்கும் அலை போட்டா படம் திக்கித் திக்கி ஓடும்."

"தெரியும். அதுக்காக, மூணு படகு கோடு போட்ட பாதையில வழுக்கிக்கிட்டுப் போகணும், ஆடுறவன் மட்டும் அடிபடணுமா?"

"யாருக்குமே அலை வேணாம்னு மேனேஜர் சொல்றாரே."

"அப்போ அது கடலா? மொசைக் தரை."

மேனேஜர் கெடு வைத்திருந்தார். இன்று எல்லார் முன்னாலும் தனிஸ்லாஸ் ஒரு பந்தயம் ஜெயித்துக் காட்ட வேண்டும். தோற்றால் கடலைத் தட்டையாக்கிவிடுவார்கள். ஜெயிக்க முடியாத ஆட்டத்தை எவன் வாங்குவான்?

தனிஸ்லாஸ் குரலைத் தாழ்த்தினார்.

"எதிரி வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க, டீச்சர். ஒரே ஒரு எண். யாருக்குத் தெரியப் போகுது?"

பரிமளம் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

"நீங்களே குறைங்க."

தனிஸ்லாஸின் விரல் எண் விசையின் மேல் போய் நின்றது. நெடுநேரம் நின்றது.

விரலை எடுத்துக்கொண்டார்.

ஆட்கள் கூடினார்கள். பந்தயம் தொடங்கியது.

மூன்று படகுகள் ஆடாமல் அசையாமல் போயின. தனிஸ்லாஸின் படகு ஏறியது, விழுந்தது, திரும்பியது, மிதவையில் மோதியது.

"அண்ணே, நீச்சல் தெரியுமா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

கடைசியாக வந்தார்.

"முடிவை வாசிம்மா. மேலேயிருந்து வாசி," என்றார் மேனேஜர்.

திரையில் நான்கு பெயர்கள் இருந்தன. பரிமளம் எழுந்து நின்றார். கூடியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார்.

"கடல்ல வந்தவங்க," என்று தொடங்கினார்.

மேலே இருந்த மூன்று பெயர்களையும் விட்டுவிட்டார்.

"தனிஸ்லாஸ்."