கோஸ்தா ரிகாவில் கார் ஓட்டியது யார்?

கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியில் இடம் வேண்டுமென்றால், முதல் பந்தியில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். நிற்கிறவர் நகர முடியாது. நகர்ந்தால் நாற்காலி போய்விடும். ஈரோட்டு மண்டபத்தில் வையாபுரி தன் பயணக் கதையை அவிழ்க்க இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல என்பது அவர் மகள் மிருதுளாவின் கணிப்பு.

அப்பாவும் மகளும் கோடை விடுமுறையில் கோஸ்தா ரிகாவுக்குப் போய், வாடகைக் காரில் ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். கோஸ்தா ரிகா என்றால் வளமான கரை என்று பொருள். வையாபுரியின் பேச்சுக்கோ கரையே கிடையாது.

மிருதுளாவுக்குக் கதை கேட்கும் மனநிலை இல்லை. வயது பத்தொன்பது, லைசென்ஸ் கைக்கு வந்தாகிவிட்டது. நாளை தோழிகளோடு ஏற்காடு போகக் கார் கேட்டதற்கு, "முதல்ல நம்ம கேட்டைத் தாண்டி ஓட்டு, பார்க்கலாம்" என்று காலையில்தான் அப்பா பேச்சை முடித்திருந்தார்.

கதை முகவரியில் தொடங்கியது. அந்த நாட்டில் கதவு எண் சொல்ல மாட்டார்களாம். பழைய அத்திமரத்துக்குத் தெற்கே இருநூறு மீட்டர் என்பார்களாம். மரத்தை வெட்டி ஒரு தலைமுறை ஆகியிருக்குமாம். இதுவரை உண்மை. இல்லாத அந்த மரத்தடியில் காரை நிறுத்தி, தான் ஒரு தூக்கம் போட்டதாக அவர் சேர்த்துக்கொண்டார்.

"நெழல் இருந்துச்சுங்களா மாப்பிள்ளை?" என்றார் பக்கத்து நாற்காலிக்குப் பின்னால் நின்ற மிருதுளாவின் தாய்மாமன் அர்த்தநாரி.

"குளுகுளுன்னு இருந்துச்சு மச்சான்."

அடுத்து ஆறு வந்தது. பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்ததாம். கரைக்குக் கரை முதலைகள் நெருக்கியடித்துப் படுத்திருக்க, அவற்றின் முதுகின்மேலேயே காரை விட்டாராம். கடைசி முதலை பின்டயரைக் கடித்துவிட்டது. அதை அப்படியே வளைத்து, வாலை வாயில் கொடுத்து, ஸ்டெப்னியாக மாட்டிக்கொண்டு போனாராம். உண்மையில் அந்த முதலைகளை அவர்கள் பாலத்தின் மேலிருந்து பார்த்தார்கள். அப்போது அப்பா பிடித்திருந்தது பாலத்தின் கம்பியை அல்ல, மகளின் தோள்பையை.

ரசம் வந்துவிட்டது, பந்தி முடிவதற்குள் எரிமலைக்குப் போயாக வேண்டும். மலை வெடித்தது, நெருப்புக் குழம்பு துரத்தியது, வானத்திலிருந்து பாறை மழை. வையாபுரி காரின் கூரைமேல் ஏறிநின்று, வந்த பாறைகளையெல்லாம் குடையால் தட்டிவிட்டார்.

"மேல நின்னு குடை புடிச்சீங்க, செரி" என்றார் அர்த்தநாரி. "வண்டியை ஆருங்க ஓட்டுனது?"

வையாபுரி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மகள் கண்ணில் பட்டாள்.

"வேற யாரு? நம்ம மிருதுதான்."

அதோடு விட்டிருக்கலாம். கண்ணாடி முழுக்கச் சாம்பல் அப்பியிருந்ததால், மலைப்பாதை நெடுக அவள் கண்ணை மூடிக்கொண்டு, அதுவும் ரிவர்ஸில், ஓட்டி இறக்கினாள் என்றும் சொல்லிவைத்தார். அந்த ஒரு வாரமும் அவளை அவர் ஸ்டீயரிங்கைத் தொடவிடவில்லை. அவர் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து பெல் அடித்தார்கள்.

"நெசமா கண்ணு?" என்று அர்த்தநாரி அவளிடம் திரும்பினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் திரும்பினார்கள். அவள் இல்லையென்று தலையசைத்தால் போதும்; உறவில் நடக்கும் ஒவ்வொரு விசேஷத்திலும் அப்பாவை முதலை என்றே கூப்பிடுவார்கள். அப்பாவின் கண்கள் கெஞ்சின.

"அப்பா கூச்சப்பட்டுப் பாதியை விட்டுட்டார் மாமா" என்றாள் மிருதுளா. "அந்த எரிமலை எங்க பின்னாடியே வந்துச்சு. நான்தான் இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி அதை முன்னாடி போகவிட்டேன். அந்தத் தைரியத்துலதான் நாளைக்கு ஏற்காட்டுக்கு அப்பா வண்டி தர்றார்."

கையை நீட்டினாள்.

வையாபுரி தன் பக்கம் திரும்பியிருந்த முகங்களைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அவள் கைக்கு மேலே அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டார்.

முதல் பந்தி எழுந்தது. அர்த்தநாரி உட்கார்ந்து, புது இலையில் தண்ணீர் தெளித்தார்.

"முதலை, எரிமலை எல்லாத்தையும் நம்பிட்டனுங்க மாப்பிள்ளை. கார் சாவியைப் புள்ளை கையில குடுத்தேன்னு மட்டும் வெளியில சொல்லிப்போடாதீங்க. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."