டீச்சரின் பல்செட்

"கடிச்சுட்டாங்க, சிஸ்டர்" என்று பல் டாக்டர் தணிகைநாதன் விரலை நீட்டினார்.

மறதி நோய் கண்ட முதியவர்களுக்கான இல்லம் அது. பராமரிப்பு உதவியாளர் கிரேஸ்லின் சொன்னால்தான் அங்கே எந்த வாயும் திறக்கும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான்கு நாள் லீவு முடிந்து அவள் அன்றுதான் வந்திருந்தாள். வயது முப்பது, படிப்பு பத்தாம் வகுப்பு. டாக்டருக்கு ஐம்பத்தாறு. பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள் பெயரைவிட நீளம்.

"யாரு, கமலவேணி டீச்சரா?"

"ஆமா. அதுவும் நான் கட்டிக் கொடுத்த பல்லாலேயே."

"அப்போ நல்லாத்தான் கட்டியிருக்கீங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. டீச்சர் நான்கு நாளாகப் பல்செட்டைக் கழற்றவில்லை. அடியில் ஈறு புண்ணாகி, மூன்று வேளையாகக் கஞ்சி இறங்கவில்லை. இன்றும் சாப்பிடாவிட்டால் நாளை மூக்கில் குழாய். அதைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவார்கள்.

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

"டார்ச் அடிச்சேன். கெஞ்சினேன். ரெண்டு பேரை விட்டுத் தலையைப் பிடிக்கச் சொன்னேன்."

"பல்லு கட்டின அன்னைக்கு டீச்சர் உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

எட்டு வருடத்துக்கு முந்தைய பேச்சு. டாக்டர் யோசித்தார்.

"வீட்டுக்காரருக்குத் தெரியாம இதைக் கழற்றிக் கழுவ முடியுமான்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன்."

கிரேஸ்லின் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் பின்னால் போனார்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடியிருந்தார். கிரேஸ்லின் கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"நீங்களும், சார்."

"நானுமா? எவ்வளவு நேரம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? பல்லு அவங்களோடது."

டாக்டர் திரும்பினார். சுவரில் ஒரு காலண்டர். ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் படித்தார். காலண்டர் கொடுத்த ஜவுளிக்கடையின் விலாசத்தையும் படித்தார். அதில் ஓர் எழுத்துப்பிழை. கை பேனாவைத் தேடியது.

பின்னால் சேலை சரசரத்தது.

தண்ணீரில் ஏதோ விழுந்தது.

டாக்டரின் கழுத்து தன்னால் திரும்பப் போனது.

"சார்."

கழுத்து நின்றது.

"டாக்டர் போயிட்டாரா?" பொக்கை வாயிலிருந்து குழறிக்கொண்டு வந்தது கேள்வி.

கிரேஸ்லின் பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஈறுக்குப் பூசும் களிம்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"போயாச்சு, டீச்சர்."