ஆவுடையப்பன் சிக்கனம் பிடிச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு ஓட்டு வீடு. ஓட்டு வீடுன்னு பேருதான், மேல பாதி ஓடு, பாதி வானம். அதுல இசக்கின்னு ஒருத்தி, அவ புருஷன் ஆவுடையப்பன், தொட்டில்ல ஒரு குழந்தை. போன வருஷ மழையில தொட்டில் நனைஞ்சு, குழந்தைக்குச் சளி கட்டி, கர்ர்... கர்ர்...னு மூச்சு இழுத்துச்சு. இந்த ஐப்பசி மழைக்குள்ள எப்படியாவது ஓடு மாத்திரணும்னு இசக்கிக்கு அதே நெனப்பு.

ம்.

ஆனா ஆவுடையப்பன் கை சும்மா இருக்குமா? விடிஞ்சா கடையில டீ, வடை. அப்புறம் வெத்தலை, வாசனைப் பாக்கு. சாயங்காலம் புரோட்டா. சந்தைக்குப் போனா ஒரு சட்டை. பாவம், ராசா வீட்டுல பொறக்க வேண்டியவரு, வழி தவறி இங்க வந்துட்டாரு.

செலவைக் கொஞ்சம் கொறைங்கன்னு இசக்கி கேட்டா. அதுக்கென்ன, நாளையிலேர்ந்து என் சிக்கனத்தைப் பாருன்னு மீசையைத் தடவினாரு. தடவத் தடவ ஒரு யோசனை வந்துச்சு. வீட்டுல உலையே வைக்க வேண்டாம், சொந்தக்காரங்க வீட்டுல போய்ச் சாப்பிடலாம். எப்பேர்ப்பட்ட மூளை!

அப்போ மொத நாள் அத்தை வீடு. வெறுங்கையோட போக முடியுமா? ஒரு சீப்பு பழம், அரைக்கிலோ காராச்சேவு, அத்தைக்கு ரெண்டு முழம் பூ. போய் ஆளுக்கு ரெண்டு தோசை சாப்பிட்டாங்க.

ரெண்டாம் நாள் மச்சான் வீடு. அங்க நாலு பிள்ளைங்க. நாலுக்கும் பிஸ்கட்டு, மிட்டாய், போக வர பஸ் டிக்கெட்டு வேற. கெடைச்சது ரசஞ்சோறு. திரும்பி வரும்போது ஆவுடையப்பன் வயித்தை டப் டப்னு தட்டி, "ஏட்டி, இன்னிக்கும் அரிசி மிச்சம் பாத்தியா"ன்னாரு. இசக்கி பாத்தா. சுருக்குப்பையில காத்து மட்டும் நெறைய இருந்துச்சு.

ம்ம்.

மூணாம் நாள் எங்கயும் போக வேண்டிய வேலையே இல்ல. திடுதிடுன்னு அத்தையும் மச்சானும் குடும்பத்தோட வந்து இறங்கிட்டாங்க. நீங்க வந்தீங்க, நாங்க வர வேண்டாமான்னு ஒரே பாசம். வீட்டுக் கோழி கொக்கொக்குன்னு கத்துச்சு. அப்புறம் கத்தல. ஓட்டுக்குன்னு இசக்கி எடுத்து வெச்ச காசுல பாதி மளிகைக் கடைக்குப் போயிருச்சு.

சாப்பிட்டு எந்திரிச்ச அத்தை, அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துருங்கன்னாங்க. ஆவுடையப்பன் தலை ஆடத் தொடங்குச்சு. அதுக்குள்ள இசக்கி முந்திக்கிட்டா.

"வர முடியாது அத்தை. குழந்தைக்காக இவர் நாளையிலேர்ந்து விரதம். ஒரு மண்டலம், யார் வீட்டுலயும் கை நனைக்கக் கூடாது."

ஆவுடையப்பன் வாயைத் தொறந்தாரு. அத்தனை பேரு முன்னாடி சாமிக்கு மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அத்தை அந்தத் தொறந்த வாயைப் பாத்து, பக்தின்னு உருகிப் போய், அவரு நெத்தி நெறைய திருநீறு பூசிட்டுப் போனாங்க.

அப்புறம் என்ன, காலையில கஞ்சி, மத்தியானம் மோருசோறு. வெத்தலை ஆகாது, புதுச்சட்டை ஆகாது. நாக்கு இழுத்துக்கிட்டு டீக்கடைப் பக்கம் போனா, கடைக்காரரே எந்திரிச்சுக் கும்பிட்டு, "சாமி இங்கல்லாம் வரலாமா"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. விரத வீடுன்னு சொந்தக்காரங்களும் எட்டிப் பாக்கல. சாமியோட சேந்து ஊரே இசக்கிக்கு ஒத்துழைச்சுச்சு போ.

ம்...

நாப்பத்தெட்டாம் நாள், மிச்சம் பிடிச்ச காசுல லொட்டு லொட்டுன்னு கூரையில புது ஓடு ஏறுச்சு. மறுநாளே சோ...ன்னு மழை. உள்ள ஒரு சொட்டு விழல. குழந்தை கர்ர் சத்தமே இல்லாம நிம்மதியா தூங்குச்சு. இசக்கி தொட்டில் துணியைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. காய்ஞ்சு கெடந்துச்சு.

ஆவுடையப்பன் அண்ணாந்து பாத்து, "என் சிக்கனம் எப்படி"ன்னாரு.

இசக்கி கஞ்சியை ஊத்தி அவரு முன்னால வெச்சா. "சாமிக்கே பிடிச்சுப் போச்சுங்க. இன்னொரு மண்டலம் கேக்குது."

அவரு கஞ்சியைக் குடிச்சாரு, கதையும் தீந்துச்சு. ம் சொன்னது போதும், கண்ணை மூடு கண்ணு.